நரம்பு நஞ்சை வெட்டும் நொதி வயலுக்கு எப்போது வரும்?

1958 ஏப்ரல் மாதம். கேரளம் என்ற மாநிலம் பிறந்து ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. திருவனந்தபுரத்தில் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையிலான முதல் அமைச்சரவை பொறுப்பேற்று ஓராண்டு. அப்போது ஊருக்கு ஊர் ஒரே மாதிரிச் சாவுகள் நடக்கத் தொடங்கின. கோதுமை மாவில் செய்த பண்டத்தைத் தின்றவர்களுக்கு வாயில் எச்சில் வழிந்தது, உடம்பு வியர்வையில் குளித்தது, கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியது, மூச்சு முட்டியது. கேரளத்திலும் பக்கத்துச் சென்னை மாநிலத்திலும் சேர்த்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

காரணம் மாவில் இல்லை, மாவு வந்த கப்பலில் இருந்தது. பம்பாயிலிருந்து கொச்சிக்கு வந்த சரக்கில் உணவு மூட்டைகளோடு ஃபாலிடால் என்ற பூச்சிமருந்தும் ஏற்றப்பட்டிருந்தது. நம் கிராமங்களில் பின்னாளில் ‘பாலிடாயில்’ என்று வழங்கியது இதுதான். அதன் உள்ளே இருந்த நஞ்சுக்குப் பெயர் பாராத்தியான். அது கசிந்து மூட்டைகளில் ஊறியது. மத்திய அரசு பம்பாய் உயர்நீதிமன்ற நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் விசாரணைக் குழு அமைத்தது. நெருக்கடி நிலைக் கால அத்துமீறல்களைப் பின்னாளில் விசாரித்த அதே ஷாதான். அந்த விசாரணையின் நீண்ட பின்விளைவாக 1968-இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. நூறு பேர் செத்து, சட்டம் வருவதற்குப் பத்து ஆண்டுகள் ஆயின.

இந்தப் பழைய கதையை இப்போது சொல்லக் காரணம் உண்டு. போர்களில் வீசப்படும் நரம்பு நஞ்சுக்கு எதிராக நொதிகளை, அதாவது என்சைம்களை, மருந்தாக்கும் முயற்சி பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது. அதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் டோக்கியோ சுரங்க ரயிலிலும் சிரியாவிலும் நடந்த நஞ்சுத் தாக்குதல்களைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் வேதியியல் கணக்கில் பார்த்தால் 1958-இல் கேரளத்தில் நடந்ததும் நரம்பு நஞ்சுச் சாவுதான். இன்றைக்கும் இந்த நஞ்சால் சாகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் போர்வீரர்கள் அல்லர். ஆசிய நாடுகளின் வயல்களைச் சார்ந்து வாழும் ஏழைகள்.

பாராத்தியானைக் கண்டுபிடித்தவர் கெர்ஹார்டு ஷ்ராடர். ஜெர்மனியின் ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனத்தில் பூச்சிமருந்து தேடிக்கொண்டிருந்த வேதியியலாளர். 1936-இல் அவர் கையில் டபூன் என்ற பொருள் கிடைத்தது. பூச்சிகளைக் கொன்ற வேகத்திலேயே ஆய்வகத்தில் இருந்தவர்களையும் அது தாக்கியது. ராணுவம் அதை எடுத்துக்கொண்டது. 1938-இல் அவரும் கூட்டாளிகளும் சரினை உருவாக்கினார்கள். 1944-இல் பாராத்தியான். ஒரே ஆள், ஒரே வேதியியல் குடும்பம். ஒன்று போர்க்களத்துக்கும் மற்றொன்று நெல்வயலுக்கும் போயின. வி.எக்ஸ். என்ற இன்னும் கொடிய நஞ்சின் கதையும் இப்படித்தான். 1950-களின் தொடக்கத்தில் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் பூச்சிமருந்து ஆய்வில் இருந்த ரணஜித் கோஷ் கண்டறிந்த சேர்மங்கள்தான் அதற்கு வழி திறந்தன. அவற்றில் ஒன்று பூச்சிமருந்தாகவே சந்தைக்கு வந்தது, நஞ்சு மிகுதி என்று திரும்பப் பெறப்பட்டது. ஆர்கனோபாஸ்பரஸ் என்ற இந்தக் குடும்பத்தில் ராணுவ நஞ்சுக்கும் விவசாய நஞ்சுக்கும் நடுவே சுவர் இல்லை. வீரியத்தில்தான் வேறுபாடு.

இவை உடம்பில் என்ன செய்கின்றன? நரம்பு தசைக்குக் கட்டளை அனுப்பும்போது அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை வெளிவிடுகிறது. தசை சுருங்குகிறது. கட்டளை முடிந்ததும் அந்த வேதிப்பொருளை உடனே துடைத்தெறிய வேண்டும். அந்த வேலையைச் செய்வது அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி. ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளை வெட்டிப்போடும் அசுர வேகம் அதற்கு. 1991-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிலையத்தைச் சேர்ந்த ஜோயல் சஸ்மன், இஸ்ரேல் சில்மன் குழுவினர் அதன் வடிவத்தைப் படம்பிடித்தபோது, வெட்டும் இடம் ஒரு குறுகிய ஆழமான பள்ளத்தின் அடியில் இருப்பது தெரிந்தது. அந்த அடியில் செரின் என்ற ஓர் அமினோ அமிலம் இருக்கிறது. ஆர்கனோபாஸ்பரஸ் நஞ்சு பள்ளத்தில் இறங்கி அந்தச் செரினோடு ஒட்டிக்கொள்கிறது. அதோடு நொதி முடங்குகிறது.

பிறகு அசிட்டைல்கோலின் குவிகிறது. கட்டளை ஓயவே இல்லை என்று உறுப்புகள் நினைத்துக்கொள்கின்றன. எச்சில், கண்ணீர், வியர்வை, வயிற்றுப்போக்கு எல்லாம் ஒன்றாக வருகின்றன. நுரையீரலுக்குள் நீர் சுரக்கிறது. தசைகள் துடித்துத் துடித்துக் கடைசியில் தளர்ந்துபோகின்றன. மூச்சை இழுக்கும் தசைகளும் தளரும்போது சாவு வருகிறது.

இன்றுள்ள சிகிச்சை அடிப்படையில் பழையது. அட்ரோபின் கொடுத்து நுரையீரலின் நீரை வற்றச் செய்வார்கள். வென்டிலேட்டரில் வைத்து மூச்சுக் கொடுப்பார்கள். அட்ரோபின் நஞ்சைத் தொடுவதே இல்லை, அறிகுறிகளை மட்டும் அடக்குகிறது. முடங்கிய நொதியை மீட்பதற்கென்று 1955-இல் அமெரிக்காவில் இர்வின் வில்சனும் சாரா கின்ஸ்பர்கும் பிராலிடாக்ஸிம் என்ற மருந்தை உருவாக்கினார்கள். நம் மருத்துவமனைகளில் ‘பாம்’ என்று சுருக்கமாகச் சொல்லப்படுவது அதுதான். செரினிலிருந்து நஞ்சைப் பெயர்த்தெடுப்பது அதன் வேலை.

பெயர்த்தெடுக்கக் கால அவகாசம் வேண்டும். ஒட்டிய நஞ்சு சும்மா இருப்பதில்லை. சிறிது நேரத்தில் தன்னுடைய ஒரு பகுதியை உதிர்த்துவிட்டு இறுகிப்போகிறது. அதன்பின் எந்த மருந்தாலும் அதைப் பெயர்க்க முடியாது. சோமன் என்ற போர் நஞ்சு சில நிமிடங்களிலேயே இறுகுகிறது. சரினுக்குச் சில மணி நேரம். பூச்சிமருந்துகளில் டைமீத்தைல் வகை, அதாவது டைமெத்தோயேட் போன்றவை, ஒட்டிய நொதியில் பாதி ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் இறுகிவிடும். பாராத்தியான், குளோர்பைரிபாஸ் போன்ற டையெத்தில் வகைக்கு ஒரு நாளுக்கும் மேல் ஆகும். எந்த மருந்து உள்ளே போனது என்பதைப் பொறுத்தே மருத்துவரின் கையிலிருக்கும் நேரம் அமைகிறது.

பிராலிடாக்ஸிம் உண்மையில் உயிரைக் காக்கிறதா என்ற கேள்விக்கு இன்னும் தெளிவான விடை இல்லை. மகாராஷ்டிரத்தின் பாராமதியில் 200 நோயாளிகளிடம் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், தொடர்ந்து அதிக அளவில் மருந்து பெற்ற நூறு பேரில் ஒருவர்தான் இறந்தார். மற்ற நூறு பேரில் எட்டுப் பேர் இறந்தார்கள். 2009-இல் வெளியான இலங்கை ஆய்வு இதற்கு நேர்மாறாக இருந்தது. 235 பேரில் மருந்து பெற்றவர்களில் ஏறத்தாழ 25 சதவீதமும் பெறாதவர்களில் 16 சதவீதமும் இறந்தார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1990-களில் நடந்த ஆய்வுகளிலும் பலன் தெரியவில்லை. இது போதாதென்று, முதல் நாள் நெருக்கடியைத் தாண்டி எழுந்து உட்கார்ந்த நோயாளி இரண்டாம், மூன்றாம் நாளில் திடீரென்று கழுத்தைத் தூக்க முடியாமல் மூச்சுத் தளர்ந்து விழுவதும் உண்டு. இதை 1987-இல் விரிவாக விவரித்து எழுதியவர்கள் இலங்கை மருத்துவர்களான நிமல் சேனநாயக்கவும் லக்ஷ்மன் கராலியத்தவும். இந்த நோயைப் பற்றி உலகம் கற்றதில் பெரும்பகுதி நம் தெற்காசிய வார்டுகளில் படுத்திருந்தவர்களிடமிருந்து கற்றது. இதைப் பிறகு வருவதோடு சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

நொதிகள் இந்த இடத்தில்தான் வருகின்றன. நஞ்சு நரம்பை எட்டிய பின் சரிசெய்வதைவிட, இரத்தத்திலேயே வழிமறித்து அழித்துவிட்டால் என்ன? இயற்கை ஏற்கெனவே அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. நம் இரத்தத்தில் பியூட்டிரைல்கோலினெஸ்டரேஸ் என்ற இன்னொரு நொதி சுற்றிக்கொண்டிருக்கிறது. ஊரில் உள்ள பரிசோதனை நிலையத்தில் ‘சீரம் கோலினெஸ்டரேஸ்’ என்று பார்ப்பது இதைத்தான். நரம்பிலுள்ள நொதிக்கு இது நெருங்கிய உறவு. நஞ்சு இதிலும் ஒட்டிக்கொள்ளும். இதில் ஒட்டியது நரம்புக்குப் போகாது. அப்படியானால் இதையே ஊசியில் ஏற்றி, நஞ்சுக்கு இரையாக அனுப்பலாம் அல்லவா?

வெளியிலிருந்து ஏற்றினால் உடம்புக்குக் கெடுதல் வராதா என்ற கேள்விக்கு மறைமுகமான ஆறுதல் நம்மூரிலிருந்து கிடைத்தது. தென்னிந்திய வைசிய சமூகத்தினரில் சிலருக்குப் பிறவியிலேயே இந்த நொதி இல்லை. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் இரத்தினம் பூபதி, இந்து மனோகரன் ஆகியோர் அமெரிக்காவின் ஒக்ஸானா லாக்ரிட்ஜுடன் சேர்ந்து இவர்களை ஆராய்ந்தார்கள். 2006-இலும் 2007-இலும் முடிவுகள் வெளிவந்தன. நொதியின் 307-ஆம் இடத்தில் லூசின் இருக்க வேண்டிய இடத்தில் புரோலின் இருப்பதுதான் காரணம். அந்த ஒற்றை மாற்றத்தால் நொதி உருவாவதே இல்லை. ஆனாலும் அவர்கள் நலமாக வாழ்கிறார்கள். அறுவைச் சிகிச்சையின்போது தரப்படும் சக்சினைல்கோலின் என்ற தசைத்தளர்த்தி மட்டும் அவர்களுக்கு ஆபத்து. மற்றவர்களுக்குச் சில நிமிடங்களில் தெளியும் மருந்து, அவர்களை மணிக்கணக்கில் மூச்சின்றி முடக்கிவிடும். அன்றாட வாழ்வுக்கு இன்றியமையாத வேலை எதுவும் இந்த நொதிக்கு இல்லை என்று இதிலிருந்து தெரிந்தது. நஞ்சுக்கு இரையாக்குவதற்கு இதைவிடப் பொருத்தமான நொதி வேறில்லை.

அமெரிக்க ராணுவம் இதில் பெரும்பணம் செலவிட்டது. மனித இரத்தப் பிளாஸ்மாவிலிருந்து பிரித்த நொதியை முன்கூட்டியே ஊசியாகப் பெற்ற கினிப் பன்றிகளும் குரங்குகளும், சாவு நிச்சயம் என்ற அளவைப் போலப் பல மடங்கு சோமனைத் தாங்கின. இரத்தத்தில் ஏறிய நொதி பல நாட்கள் நிலைத்தது. ஒரு வீரரைக் காக்க 200 மில்லிகிராம் அளவு தேவை என்று கணக்கிட்டார்கள். ஒரு லிட்டர் பிளாஸ்மாவில் இருப்பதோ நாலைந்து மில்லிகிராம்தான். ஒரே ஒருவருக்கு நாற்பது, ஐம்பது லிட்டர் பிளாஸ்மா வேண்டும். இரத்த தானத்தில் இது கட்டுபடியாகாது என்பதால் மரபணு மாற்றிய ஆடுகளின் பாலில் இந்த மனித நொதியைச் சுரக்க வைத்தார்கள். 2007-இல் வெளியான அந்த ஆய்வில் லிட்டருக்குக் கிராம் கணக்கில் நொதி கிடைத்தது. ஆனால் ஆட்டுப்பால் நொதி இரத்தத்திலிருந்து விரைவில் நீங்கிவிடும். அதைத் தக்கவைக்க மேலும் வேதியியல் வேலை தேவைப்பட்டது. விலை இறங்கவேயில்லை.

இதே எண்ணத்தை நம் நோயாளிகளிடம் சோதித்தது வேலூர். அங்குள்ள தீவிர சிகிச்சை மருத்துவர்கள் 60 நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு இந்த நொதி அடங்கிய உறைபிளாஸ்மா, எட்டுப் பைகள், மூன்று நாட்களில் மொத்தம் இரண்டு லிட்டர். மற்றொரு குழுவுக்கு ஆல்புமின். மூன்றாவதற்கு உப்புநீர். 2010-இல் முடிவு வெளியானது. பிளாஸ்மா பெற்றவர்களின் இரத்தத்தில் நொதி அளவு உண்மையிலேயே உயர்ந்தது. ஆனால் சாவும் குறையவில்லை, தசைத் தளர்ச்சியும் குறையவில்லை.

ஏன் என்று ஒரு தாளில் கணக்குப் போட்டாலே தெரியும். இந்த நொதி எலிப்பொறி மாதிரி. ஒரு பொறி ஓர் எலியைப் பிடித்ததும் அதன் வேலை முடிந்தது. நொதியின் ஓர் அலகு ஒரே ஒரு நஞ்சு மூலக்கூறைத்தான் பிடிக்கும். அலகின் மூலக்கூறு எடை ஏறத்தாழ 85,000, பாராத்தியானுடையது 291. ஆகவே ஒரு கிராம் பாராத்தியானைப் பிடிக்க ஏறத்தாழ 290 கிராம் நொதி வேண்டும். இரண்டு லிட்டர் பிளாஸ்மாவில் இருப்பது அதிகம் போனால் 10 மில்லிகிராம். அது பிடிக்கக்கூடிய பாராத்தியான் 34 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் முப்பதில் ஒரு பங்கு. போர்க்களத்தில் காற்றில் வரும் சரின் மில்லிகிராம் அளவில் கொல்கிறது, அங்கே பொறி உதவக்கூடும். பூச்சிமருந்து குடித்தவரின் உடம்பில் இருப்பதோ கிராம் கணக்கு. கையில் இருந்ததைக் கொண்டு முயன்று, பலன் இல்லை என்பதை நேர்மையாக வெளியிட்ட வேலூர் மருத்துவர்களை நான் மதிக்கிறேன். அந்த எதிர்மறை முடிவுதான் ராணுவத்தின் வழி நம் வழி அல்ல என்று காட்டியது.

நமக்கு வேண்டியது பூனை. ஒன்றைப் பிடித்துக் கொன்றுவிட்டு அடுத்ததைத் தேடிப் போகும் நொதி.

அது கிடைத்த இடம் ஒரு நெல்வயல். பிலிப்பைன்ஸின் லாஸ் பானோஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய இந்திய நுண்ணுயிரியலாளர் என். சேதுநாதன் ஒன்றைக் கவனித்தார். டயாசினான் என்ற பூச்சிமருந்தை ஒரே வயலில் மீண்டும் மீண்டும் அடிக்கும்போது அது வரவர வேகமாக மறைந்துபோனது. யாரோ அதைத் தின்கிறார்கள். அந்த வயல்நீரிலிருந்து அவரும் சக ஆய்வாளர் யோஷிதாவும் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து 1973-இல் அறிவித்தார்கள். டயாசினானை மட்டுமல்ல, பாராத்தியானையும் அது சிதைத்தது. 1958-இல் கேரளத்து மக்களைக் கொன்ற அதே பொருளை வெட்டிப்போட்ட ஓர் உயிரி. சேதுநாதன் பின்னர் கட்டாக்கின் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இந்தத் துறையில் தொடர்ந்து உழைத்தார். அவருடைய பெயர் நம் பள்ளிப் பாடப்புத்தகங்களில் இருக்க வேண்டும்.

அந்த பாக்டீரியாவின் ஆயுதம் பாஸ்போடிரைஎஸ்டரேஸ் என்ற நொதி. அதன் நடுவில் இரண்டு உலோக அயனிகள், வழக்கமாகத் துத்தநாகம், ஒரு நீர் மூலக்கூறைப் பிடித்துவைத்து நஞ்சின் பாஸ்பரஸ் பிணைப்பின்மேல் ஏவுகின்றன. பிணைப்பு அறுந்ததும் நஞ்சு நஞ்சல்லாமல் போகிறது. நொதி அப்படியே மீள்கிறது, அடுத்ததை எடுக்கிறது. உடம்புக்குள் போன பாராத்தியானைக் கல்லீரல் பாராக்ஸான் என்ற வீரிய வடிவமாக மாற்றுகிறது. அந்தப் பாராக்ஸானை இந்த நொதி நொடிக்கு ஆயிரக்கணக்கில் வெட்டுகிறது. ஒன்றரைக் கிலோ பொறிநொதி தேவைப்பட்ட ஐந்து கிராம் நஞ்சை, எல்லாம் சாதகமாக இருக்கும் சோதனைக் குழாயில், இந்த நொதியின் ஒரு மில்லிகிராம் சில நிமிடங்களில் முடித்துவிடும் என்று கணக்கு சொல்கிறது.

இதில் என்னை வியக்கவைப்பது காலம். பாராத்தியான் பூமிக்கு வந்தது 1944-இல். முப்பது ஆண்டுகளுக்குள் அதைக் கச்சிதமாக வெட்டும் நொதி வயல்நீரில் இருந்தது. லாக்டோன் என்ற வேறு பொருட்களை வெட்டிக்கொண்டிருந்த ஒரு பழைய நொதியிலிருந்து இது உருவாகியிருக்க வேண்டும் என்று வைஸ்மன் நிலையத்தின் டான் தவ்ஃபிக் போன்றவர்கள் காட்டியிருக்கிறார்கள். இதற்கான மரபணு, இடம்விட்டு இடம் தாவும் மரபணுத் துண்டுகளோடு சேர்ந்திருப்பதை ஹைதராபாத் பல்கலைக்கழகத்தின் தயானந்த சித்தவட்டம் குழுவினர் கண்டறிந்தார்கள். ஒரு பாக்டீரியா கற்ற வித்தை மற்றொன்றுக்குப் பரவும் வழி அது. மனிதர் நஞ்சைத் தெளித்தார்கள், மண் அதற்கு மருந்தைச் செய்துகொண்டது.

ஆனால் மண்ணில் இருப்பதை மருந்துக் குப்பிக்குக் கொண்டுவருவது எளிதாக இல்லை. இது பாக்டீரியாவின் புரதம் என்பதால் நம் நோயெதிர்ப்பு மண்டலம் இதை அந்நியமாகப் பார்க்கும். இரத்தத்தில் நீண்ட நேரம் தங்காது. எல்லா நஞ்சையும் ஒரே வேகத்தில் வெட்டாது. வி.எக்ஸில் மெதுவாகத்தான் வேலை செய்கிறது. சரின், சோமன் போன்றவற்றில் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான வடிவங்கள் கலந்திருக்கும். இயற்கை நொதி வீரியம் குறைந்த வடிவத்தைத்தான் விரும்பி வெட்டுகிறது. டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் ராஷல் அமினோ அமிலங்களை மாற்றிமாற்றி அந்த விருப்பத்தைத் தலைகீழாக்கினார். 2019-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஷாவோயி ஜியாங் குழு நொதியைச் சுற்றி ஒரு மெல்லிய பாலிமர்க் கூழைப் போர்த்தியது. ஒரே ஊசி, கினிப் பன்றிகளுக்கு ஒரு வாரத்துக்குப் பாதுகாப்பு. வேறு சிலர் மனித இரத்தத்திலேயே உள்ள பாராக்ஸனேஸ் என்ற நொதியைத் தேர்வுமுறையில் மேம்படுத்தினார்கள். அதன் மரபணுவைத் தீங்கற்ற வைரஸில் ஏற்றி, கல்லீரலே நொதியைச் செய்துகொள்ளும்படி எலிகளில் காட்டினார்கள் அமெரிக்க ராணுவ ஆய்வாளர்கள். அது 2020-இல். ஒரே ஊசியில் மாதக்கணக்கில் பாதுகாப்பு.

இவற்றில் ஒன்றுகூட இன்னும் மருந்துக் கடைக்கு வரவில்லை. தடை அறிவியலில் மட்டும் இல்லை, எண்ணத்திலும் இருக்கிறது. இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை தாக்குதலுக்கு முன்பே ஊசி போட்டுக்கொண்டு களம் இறங்கும் படைவீரரை மனத்தில் வைத்தவை. நம் நோயாளி நஞ்சு உள்ளே போய் இரண்டு மணி நேரம் கழித்து ஆட்டோவில் தாலுகா மருத்துவமனைக்கு வருகிறார். அவருக்கு மாதக்கணக்கில் தங்கும் நொதி தேவையில்லை. இரண்டு மூன்று நாட்கள் திரும்பத் திரும்ப ஏற்றக்கூடிய, குளிர்பெட்டி இல்லாமலும் கெடாத, அரசு மருத்துவமனை வாங்கும் விலையிலான நொதி போதும். ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வாளர்கள் அக்ரோபாக்டீரியம் ரேடியோபாக்டர் என்ற பாக்டீரியாவிலிருந்து இதே வகை நொதி ஒன்றை எடுத்துக் குரங்குகள் வரை பரிசோதித்ததில் இந்த நோக்கம் இருந்தது. அத்தகைய முயற்சிகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. சோதனைக்கு வேண்டிய நோயாளிகள் நம்மிடம்தான் இருக்கிறார்கள், அனுபவமுள்ள மருத்துவர்களும் நம்மிடம் இருக்கிறார்கள். மருந்தைச் செய்யும் திறனும் நம் தடுப்பூசித் தொழிற்சாலைகளுக்கு உண்டு. இதை நாம்தான் முன்னெடுக்க வேண்டும், மற்றவர்களின் போர்ப் பயம் நமக்காக மருந்து செய்யும் என்று காத்திருக்கக் கூடாது.

உடம்புக்கு வெளியே இந்த எண்ணம் ஓரளவு பலன் தந்துவிட்டது. பெங்களூரின் இன்ஸ்டெம் நிலையத்தில் பிரவீண் குமார் வெமுலா குழு, நொதியைப் போலவே நஞ்சை வெட்டும் ஒரு களிம்பை உருவாக்கி 2018-இல் வெளியிட்டது. தோலில் பூசிய எலிகள் பிழைத்தன. அதே வேதியியலைத் துணியில் ஏற்றியதுதான் ‘கிசான் கவச்’ என்ற உடுப்பு. 2024 டிசம்பரில் அறிமுகமானது. துணியில் படும் நஞ்சை அங்கேயே சிதைக்கும், துவைத்துத் திரும்ப உடுத்தலாம். அறிவித்த விலை ஏறத்தாழ 4,000 ரூபாய். நாள்கூலிக்கு மருந்தடிக்கிறவர் அதை வாங்க மாட்டார். வேளாண்துறை மானியத்தில் தர வேண்டும். தெளிப்பானுக்கு மானியம் இருக்கும்போது தெளிப்பவரின் உடம்புக்கு ஏன் இருக்கக் கூடாது?

எல்லாவற்றுக்கும் மேலாக, மருந்து வரும்வரை நஞ்சைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது. 2011-இல் கேரள அரசு திருவனந்தபுரத்திலிருந்து ஓர் ஆணை பிறப்பித்தது. போரேட், மீத்தைல் பாராத்தியான், மோனோகுரோட்டோபாஸ், புரோபெனோபாஸ், டிரையசோபாஸ் உள்ளிட்ட 14 பூச்சிமருந்துகளுக்குத் தடை. பின்வந்த ஆண்டுகளில் அங்கே பூச்சிமருந்தால் நேரும் தற்கொலைகள் குறைந்ததை 2020-இல் வெளியான ஓர் ஆய்வு குறித்தது. இலங்கை இதை முன்பே செய்தது. 1995-இலிருந்து கொடிய மருந்துகளை ஒவ்வொன்றாக நிறுத்தியதும் அங்கே தற்கொலை விகிதம் பாதிக்கும் கீழாக இறங்கியது. மனம் உடைந்த ஒரு கணத்தில் கைக்கு எட்டும் பொருள் வீரியம் குறைந்ததாக இருந்தால் பலர் பிழைக்கிறார்கள். பிழைத்தவர்களில் பெரும்பாலோர் மீண்டும் அந்த எண்ணத்துக்குப் போவதில்லை.

ஆனால் கேரளத்தின் தடை மாநில எல்லையோடு நின்றுவிடுகிறது. ஒட்டன்சத்திரத்திலிருந்தும் பாவூர்சத்திரத்திலிருந்தும் திருவனந்தபுரம் சாலைச் சந்தைக்குப் போகும் காய்கறியில் எச்சம் இருக்கிறதா என்று வெள்ளாயணி வேளாண் கல்லூரியின் ஆய்வகம் சோதித்துவருகிறது. கேரளம் தடைசெய்த புரோபெனோபாஸ் அந்தச் சோதனைகளில் தென்பட்டிருக்கிறது. 2015-இல் இதை வைத்து இரு மாநிலங்களுக்கும் இடையே பெரிய வாக்குவாதம் எழுந்தது. யார் காய்கறி சுத்தம் என்ற சண்டையில், அந்தக் காய்கறிக்கு மருந்தடித்த தமிழ்நாட்டுத் தொழிலாளியைப் பற்றி யாரும் பேசவில்லை. தின்பவருக்கு எச்சம் என்றால் தெளித்தவருக்கு முழு நஞ்சு. கேரளத்தின் பட்டியலைத் தமிழ்நாடும் நிரந்தரமாக ஏற்பதுதான் இதற்கு நியாயமான முடிவு என்று நினைக்கிறேன்.

இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலோ பக்கத்துத் தோட்டத்திலோ மருந்தடிக்கிறவர் இருந்தால் அவரிடம் சில வார்த்தைகள் சொல்லுங்கள். மருந்தடித்த உடுப்போடு வீட்டுக்குள் வர வேண்டாம், சோப்புப் போட்டு உடம்பைக் கழுவ வேண்டும், மருந்துப் புட்டியைச் சமையலறையிலும் படுக்கையறையிலும் வைக்கக் கூடாது. மனம் தளர்ந்து பேசுகிற யாருக்கும் 14416 என்ற டெலிமானஸ் எண்ணை இலவசமாக அழைக்கலாம் என்று தெரியட்டும். யாருக்காவது நஞ்சு உள்ளே போய்விட்டால் நாட்டு வைத்தியமோ வாந்தி எடுக்கவைக்கும் முயற்சியோ வேண்டாம். நஞ்சு பட்ட உடுப்பைக் கழற்றிவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். காலிப் புட்டியையும் ஒரு பையில் கட்டி எடுத்துப்போங்கள். அதன்மேல் எழுதியிருக்கும் மருந்தின் பெயரை வைத்துத்தான் கையில் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று மருத்துவர் கணிப்பார்.